மறு: "புதிய டைனோசர் கண்டுபிடிப்பு" – இடிக்கிற சொல் எது?

வணக்கம்.

ஒரு கிழமையாக நம் கலைச்சொல் குழுவில் டைனோசருக்குத் தமிழில் தொன்மா சரியா, கொடும்பல்லி சரியா என்று இழுபடுகிறோம். என் கட்சி, டைனோசர் டைனோசராகவே இருக்கட்டும். 1842 இல் ரிச்சர்ட் ஓவன் கிரேக்கத்தில் இருந்து எடுத்து வைத்த பெயர் அது, பயங்கரப் பல்லி என்கிற மாதிரிப் பொருள். அந்த விலங்கு பல்லியே இல்லை, பிறகு ஏன் அந்தப் பிழையைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டும்? எனக்கு இடிக்கிறது பக்கத்தில் நிற்கிற "கண்டுபிடிப்பு".

நான் திருகோணமலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ராஜஸ்தானில் ஜெய்சால்மர்ப் பக்கம் கிடைத்த தாரோசாரஸ் பற்றி, "16.7 கோடி ஆண்டுப் பழைமையான புதிய டைனோசர் இனம் கண்டுபிடிப்பு" என்று தலைப்பிட்டு வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டேன். முதலில் வந்த பதில் ஒரு தாயாருடையது: "எத்தனை உயிரோட இருக்கு சேர்?" அடுத்தது, தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுவருவார்களா என்று. ஒரு தகப்பன் கோயில் தூணில் நிற்கிற யாளி இதுதான் என்று படமும் போட்டார். இன்னொருவர் இதனால் அரிசி விலை குறையுமா என்றார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியாக ஒரு பெடியன் கேட்டான், "16.7 கோடி வருசம் பழசு எண்டால் அது எப்படி சேர் புதுசு?"

மற்றதுக்கெல்லாம் சிரித்துவிட்டேன், பெடியனின் கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று கேட்ட தாயாரிலும் பிழை இல்லை, தலைப்பு அப்படித்தானே சொல்கிறது.

நடந்தது இதுதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 2018 இல் எலும்புகளைத் தோண்டத் தொடங்கினார்கள். அவர்களும் ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆட்களும் சேர்ந்து, இந்த முள்ளந்தண்டு எலும்பு இதுவரை பெயர் வைத்த எதிலும் அடங்காது என்று ஒப்பிட்டுக் காட்டிக் கட்டுரை வெளியிட்டது 2023 இல். அந்த வருடம் நிலத்தில் இருந்து எதுவும் வரவில்லை. ஆங்கிலத்தில் இந்த வேலையை டிஸ்கிரைப் என்றும் எரெக்ட் என்றும் சொல்வார்கள்.

இந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது? குழுவில் கோவையில் இருந்து எழுதும் ஐயா "விவரிப்பு" என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு விவரி என்றால் வினாத்தாளில் பெரிய கேள்வி, அவ்வளவுதான். "அறிமுகம்" என்றால் புதுப் போன் மாடல் வந்த மாதிரி. நான் சொல்வது "இனநிறுவல்". நிறுவுதல் என்றால் நிலைபெறச் செய்தல், கூடவே எங்கள் கணக்குப் புத்தகத்தில் "நிறுவுக" என்றால் சான்று காட்டி முடி. இந்த வேலையில் இரண்டும் இருக்கிறது. கணினிக்காரர் மென்பொருளை இன்ஸ்டால் பண்ணுவதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்று சொல்வீர்கள், எடுக்கட்டும், சொல் தேய்ந்துவிடாது.

– திருகோணமலையில் இருந்து

* * *

அண்ணா,

நிறுவல் நல்ல சொல். ஆனால் "புதிய இனநிறுவல்" என்று மட்டக்களப்பில் ஒரு பேப்பரில் தலைப்பு வந்தால் டைனோசரை நினைக்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். அதோடு தாரோசாரசில் புதியது இனம் மட்டும் இல்லை, அதுக்கு மேலே இருக்கிற பிரிவும், ஆங்கிலத்தில் ஜீனஸ் என்கிறது, புதியது. நம் பாடப்புத்தகத்தில் அதற்கு என்ன சொல்? சாதி. அப்ப அதைச் "சாதிநிறுவல்" என்று எழுதப் போறீங்களா? தமிழ்நாட்டுக்காரருக்குப் பிரச்சினை இல்லை, அவர்கள் பேரினம், சிற்றினம் என்று தப்பிவிட்டார்கள்.

– மட்டக்களப்பில் இருந்து

* * *

தங்கச்சி, தோற்றேன். இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். எலும்பு பழையது, விலங்கு அதனிலும் பழையது, புதிதாக நிற்கிறது பெயர் மட்டும்தான். ஆகவே "பெயர்நிறுவல்". தலைப்பு இப்படி வரும்: "ஜெய்சால்மர் எலும்புகளுக்குத் தாரோசாரஸ் என்று பெயர்நிறுவல்". இனமா சாதியா என்ற வில்லங்கமே இல்லை.

வெறும் "பெயர்சூட்டல்" போதாதா என்று கேட்பீர்கள். பிள்ளைக்குப் பெயர் சூட்டினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். இங்கே போடுவார்கள். தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கத்துப் பாறையில் எடுத்த எலும்புகளுக்கு 1979 இல் திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு நெஞ்சு நிமிரும். பிறகு வந்த சிலர் அது டைனோசரே இல்லை, பிளீசியோசர் என்ற கடல் ஊர்வனவின் எலும்பு என்றார்கள். நிறுவியது என்றால்தான் அதை மறுக்கவும் இடம் இருக்கிறது.

ஒரு பெயர் இன்னொன்றுக்குள் போய்விடுகிறதற்கும் சொல் வேண்டும். பிரொன்டோசாரஸ் 1879 இல் ஒரு டைனோசருக்கு நிறுவிய பெயர். 1903 இல் அபடோசாரஸ் என்ற இன்னொரு டைனோசரும் இதுவும் ஒன்று என்று அந்தப் பெயருக்குள் போனது, 2015 இல் ஓர் ஆய்வு திரும்ப வெளியே இழுத்தது. "பெயரொடுக்கம்" எப்படி? ஒன்று இன்னொன்றுக்குள் அடங்கிப்போவதுதானே ஒடுக்கம். சைவ சித்தாந்தம் படித்த யாராவது இருந்தால் ஒடுக்கத்துக்கு எதிர்ச்சொல்லாகத் தோற்றம் இங்கே பொருந்துமா, மீட்பு என்று எழுதலாமா என்று சொல்லுங்கள்.

புதுத் தலைப்போடு அதே செய்தியை வாட்ஸ்அப்பில் திரும்பப் போட்டேன். அந்தத் தாயார் கேட்டது: "முதல் என்ன பெயர் சேர் இருந்தது?"