மான் வேட்டைக்கு .30-30 தோட்டா போதுமா, .30-06 எடுக்கணுமா? சுடச்சுட குண்டு கீழே போகிறது, உதவுங்கள்

அஸ்தம்பட்டி:
வணக்கம். சொந்த ஊர் சேலம், வேலை பென்சில்வேனியாவில், க்ரீன் கார்டு இருக்கிறது. இப்போது லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் முடிந்து வரும் சனிக்கிழமை அங்கே ரைபிள் மான் சீசன் தொடங்கும், அதற்குள் திரும்பிவிடுவேன். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து சான்றிதழும் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கூட்டிப்போகிறேன் என்கிறார். அவரிடம் இரண்டு பழைய ரைபிள் இருக்கிறது: ஒன்று வின்செஸ்டர் 94, லீவர் வகை, .30-30. இன்னொன்று போல்ட் வகை, .30-06, ஸ்கோப்போடு. எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முன் .30-06-ஐ 100 கஜத்தில் சுட்டுப் பார்த்தேன். முதல் மூன்று குண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் விழுந்தன. பெட்டியில் பாதி தீர்வதற்குள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க ஆரம்பித்து, கடைசி ஐந்தும் ஒரு டிபன் தட்டு அளவுக்குச் சிதறிவிட்டன. தோள் கன்றிப்போனது. ஸ்கோப் ஆடுகிறதா, குழல் சூடானதாலா, இல்லை தோட்டாவே சரியில்லையா, எதுவும் புரியவில்லை. .30-30-ஐ இன்னும் தொடவில்லை. தேடிப் பார்த்தால் அது பாட்டன் காலத்துத் தோட்டா, .270 வாங்கு, 6.5 கிரீட்மோர் வாங்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் கையால் ஒரு மான் அரைகுறையாக அடிபட்டு ஓடிவிடக் கூடாது. அதுதான் என் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு:
.270 வாங்குங்க ப்ரோ. 1925-இல் வந்தது, இன்னைக்கும் அதை அடிச்சிக்க ஆள் இல்லை. 130 கிரெய்ன் (குண்டு எடையின் அளவு) குண்டு நொடிக்கு 3,000 அடிக்கு மேல் போகும். 300 கஜம் வரை கவலையே இல்லை.

கொண்டை ஊசி 12:
தம்பி, நான் ஏற்காடு, காப்பித் தோட்டம். வேட்டைக்காரன் இல்லை, ஆனால் இலக்குச் சுடுதலில் .22 ரைபிளோடு பல வருடம் இருந்தவன். தோட்டாவை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் தொந்தரவு என்னவென்று பாருங்கள். ஸ்கோப் ஆடினால் பெரும்பாலும் முதல் மூன்று குண்டே சேர்ந்து விழுந்திருக்காது. குழல் சூடானால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கமாக நகரும், கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். உங்களுக்கு வரவர மோசமாகி, கீழே இறங்கி, தோளும் கன்றியிருக்கிறது. இது ரைபிளின் உதைக்குப் பயந்து உடம்பு முந்திக்கொள்வது. விசை இழுபடும் அந்த நொடியில் தோள் முன்னால் தள்ளும், கண் மூடும், குழல் முனை தாழும். சுடுகிறவருக்கே தெரியாது, ஏனென்றால் வெடிச் சத்தம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பக்கத்தில் இருப்பவரை உங்களுக்குக் காட்டாமல் தோட்டா போடச் சொல்லுங்கள், சில முறை நிஜத் தோட்டா, சில முறை மருந்தில்லாத போலித் தோட்டா. போலி வரும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும், அப்போது குழல் முனை குதித்தால் கோளாறு உங்களிடம்தான், ரைபிளில் இல்லை. ஸ்கோப் திருகுகளையும் ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள், அதில் நட்டமில்லை.

லீவில் இருக்கும்போதே ஏர் ரைபிளில் பழகலாம். தினம் 40, 50 சில்லுக் குண்டு, அவசரமில்லாமல். சுட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் கண்ணை இலக்கிலேயே வைத்திருங்கள். ஸ்பிரிங் வகையாக இருந்தால் குண்டில்லாமல் சுடாதீர்கள், உள்ளே கெட்டுவிடும்.

லான்சிங் சேலத்தான்:
அண்ணா சொன்னதுதான் சரி. நான் மிச்சிகனில் இருக்கிறேன், மான் சீசனுக்குத் தவறாமல் போகிறவன், அதனால் தோட்டா விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

.30-30 வந்தது 1895-இல், அதுவும் நீங்கள் சொல்லும் 94 ரைபிளுக்காகவே. முதல் 30 குழல் விட்டம் (.30 அங்குலம்), இரண்டாவது 30 அந்தக் காலத்தில் போட்ட புகையில்லா மருந்தின் கிரெய்ன் எடை. .30-06-இல் 06 அப்படி இல்லை, அது 1906 என்ற வருடம். ஒரே மாதிரி எழுதியிருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

பாட்டன் காலத்துத் தோட்டா என்பது உண்மைதான், ஆனால் அங்கே இருக்கும் வெள்ளைவால் மானும் பாட்டன் காலத்து மான்தான், தோல் ஒன்றும் தடித்துவிடவில்லை. 150 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 2,390 அடியில் கிளம்பும். 100 கஜத்துக்கு சரிசெய்து வைத்தால் 200 கஜத்தில் கிட்டத்தட்ட 8 அங்குலம் தாழும். மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமே சுமார் 8 அங்குல அகலம்தான், நீங்கள் சொன்ன டிபன் தட்டு அளவு. அதனால் .30-30-க்கு 150 கஜம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். .30-06 அதைத் தாண்டியும் தாராளமாகப் போகும், ஆனால் உதை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கேதான் உங்கள் பிரச்சினை தொடங்கியது.

இன்னொன்று, அடர்ந்த காட்டில் .30-30 செடிகொடிகளை உடைத்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். எந்தக் குண்டும் சுள்ளியில் பட்டால் திசை மாறும். இடைவெளி தெரியாவிட்டால் சுடாதீர்கள், அவ்வளவுதான்.

94-இல் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கும். பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் (அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் பின்பக்கச் சிறு மூடி) முட்டிக்கொண்டிருக்கும், அதனால் கூர்முனைக் குண்டு போடக் கூடாது, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். தட்டை மூக்கோ மொண்ணை மூக்கோதான். ஹார்னடி செய்வது போல மென்மையான முனை வைத்து லீவர் ரைபிளுக்கென்றே வருவதும் சரி. பழைய 94-இல் காலிக் கூடு மேல்பக்கமாக எகிறும், ஸ்கோப் மாட்ட வராது, வெறுங்கண்ணால் குறிபார்த்துப் பழக வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உங்கள் பெயரில் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இல்லாமல் அங்கே துப்பாக்கி வைத்திருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகிவிடும், அதை முதலில் வாங்குங்கள்.

நீங்கள் உட்காரப்போகும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பார்வை போகும்? அதைச் சொன்னால் முடிவு தானாக வரும்.

அஸ்தம்பட்டி:
ரொம்ப நன்றி இருவருக்கும். பெரியவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஓக் மரக்காடு, சரிவு, பார்வை அதிகபட்சம் 80 கஜம், பெரும்பாலும் 50-க்குள் என்கிறார்.

கன்னங்குறிச்சி:
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் பெரியப்பாவிடம் லைசென்ஸோடு ஒரு .315 ரைபிள் இருக்கிறது. மலையடிவாரத்தில் வயலுக்குப் பன்றி வருகிறது, மானும் வருகிறது. அதற்கு எந்த குண்டு நல்லது?

கொண்டை ஊசி 12:
எதுவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே மான் மேல் கைவைக்க முடியாது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கத்தான், வேட்டைக்கு இல்லை. பன்றித் தொல்லை என்றால் வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள். எங்கள் தோட்டத்துக்குள் காட்டெருமையே வந்து நிற்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு அது போகும்வரை உட்கார்ந்திருப்போம். குழந்தைகளுக்கு மான் காட்ட வேண்டுமா, குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். பெரியப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், வயதான காலத்தில் வழக்கு, கோர்ட் என்று அலைய வேண்டாம்.

தம்பிக்கு ஒன்று. சின்ன உதை உள்ள பழைய தோட்டா என்றால் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். ஜிம் கார்பெட் மனிதனைத் தின்ற புலிகளுக்குப் பின்னால் நடந்தபோது அவர் கையில் இருந்த ரைபிள்களில் ஒன்று .275 ரிக்பி, 1907-இல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காகப் பரிசாகக் கிடைத்தது. அது வேறொன்றுமில்லை, 1892-இல் வந்த 7x57 மவுசர் தோட்டாதான், வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. உதை மிதமானது, எங்கே படுகிறது என்பதை வைத்துத்தான் வேலை.

ஐந்து ரோடு:
80 கஜம் என்றால் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். 7x57 கேட்க நன்றாக இருக்கு, அதை வாங்கலாமா?

லான்சிங் சேலத்தான்:
அருமையான தோட்டா, ஆனால் அங்கே சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது கஷ்டம். அமெரிக்கக் கம்பெனிகள் அதில் மருந்தை மிதமாகவே நிரப்புகின்றன, 1893, 1895 காலத்துப் பழைய மவுசர் ரைபிள்கள் தாங்க வேண்டுமே என்று. .30-30 எந்தக் கடையிலும் கிடைக்கும். இரவல் ரைபிள் சும்மா கிடைக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

அஸ்தம்பட்டி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பென்சில்வேனியா வந்துவிட்டேன். ஊரில் இருந்த கடைசி 12 நாளும் காலையில் மொட்டை மாடியில் ஏர் ரைபிள், அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

இங்கே வந்ததும் பெரியவரை வைத்துப் போலித் தோட்டாப் பரிசோதனை செய்தேன். .30-06-இல் முதல் போலிக்கே குழல் முனை ஒரு அங்குலம் குதித்தது, அவர் பார்த்துச் சொன்னார். ஸ்கோப் திருகுகள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அப்புறம் .30-30. உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி, 50 கஜத்தில் 12 குண்டு, நடுவே நான்கு போலி. முதல் போலியில் லேசாக ஆடியது, மற்ற மூன்றில் அசையவில்லை. 12-இல் 11 என் உள்ளங்கைக்குள். அதையே எடுத்துக்கொள்கிறேன், 75 கஜத்துக்கு மேல் நின்றால் சுடுவதில்லை என்று பெரியவரிடமும் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று: கடையில் 150 கிரெய்னும் இருக்கிறது, 170-உம் இருக்கிறது. எது?

லான்சிங் சேலத்தான்:
50 கஜத்தில் மானுக்கு வித்தியாசம் தெரியாது, ரைபிளுக்குத்தான் தெரியும். இரண்டிலும் ஒரு பெட்டி வாங்கி, எது சேர்ந்து விழுகிறதோ அதிலேயே குறிமுனையைச் சரிசெய்துவிட்டு மற்றதை வீட்டில் வைத்துவிடுங்கள், கலந்து கொண்டுபோக வேண்டாம். கறியைக் குழந்தைகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் முழுச் செம்புக் குண்டு கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஈயக் குண்டு உள்ளே பொடிந்து கறியில் தூளாகப் பரவும். ஈயம்தான் கிடைத்தது என்றால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள்.