மறு: 'பின்னணி ஓவியர்' – வேறு சொல் உண்டா?

நண்பர்களே,
கார்ட்டூன் வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வார்னர் பிரதர்ஸ் படங்களில் பாத்திரங்களுக்குப் பின்னே தெரியும் தெருவையும் சுவரையும் தீட்டிய பால் ஜூலியனைப் 'பின்னணி ஓவியர்' என்றேன். "பின்னணிப் பாடகர் மாதிரி, மறைந்திருந்து இன்னொருவருக்காக வரைபவரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.
– ந.

அம்மா,
பின்னணியின் 'அணி' நகையல்ல, படைவரிசை. முன்னணி, பின்னணி இரண்டும் போர்க்களச் சொற்கள். சிலம்பின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள் உண்டு. 'எழு' என்பதே வேர் என்பது என் துணிபு. 'எழினி ஓவியர்' என்க.
– வே.

ஐயா, எழினி விலகும் திரை. இது விலகாது. அந்தக் காலத்துப் படங்களில், செல்லுலாய்டு என்ற ஒளிபுகும் தாள்களில் வரைந்த முயல் பாத்திரம் மாறிக்கொண்டே இருக்கும், அடியில் ஓவியம் அப்படியே கிடக்கும். முயல் ஓடினால் நீளத் தாளில் தீட்டி நகர்த்துவார்கள். நாடகக் கொட்டகையில் பின்னே தொங்கும் ஓவியத் திரையைப் 'படுதா' என்றார்கள். அதுவே போதும்.
– செ.

படுதா, பர்தா என்ற அயற்சொல்லிலிருந்து வந்தது. வேண்டாம்.
– வே.

கொட்டகைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல், ஐயா. அது தமிழ்தான்.
– செ.

இன்னொரு சிக்கல். 1957இல் வந்த 'வாட்ஸ் ஓபரா, டாக்?' என்ற வார்னர் கார்ட்டூன் படத்தில் லேஅவுட் மாரிஸ் நோபல், பின்னணி ஃபிலிப் டிகார்ட். நோபல் இடத்தை வகுத்துக் கொடுப்பார், டிகார்ட் வண்ணம் தீட்டுவார். இருவரையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஒருவர் உழைப்பு காணாமல் போகும். நம்மூரில் லேஅவுட் என்றால் வீட்டுமனை! 'களவரைவு' சரிவருமா?
– மு.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். 'முதற்பொருள் ஓவியர்'?
– வே.

மாணவர்களுக்குப் புரியாது, ஐயா. 'களவரைவு' எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்குப் 'பின்புல ஓவியர்' என்று நான்கு பேர் தனிமடலில் சொல்லிவிட்டார்கள். அதையே அனுப்புகிறேன்.
அப்புறம் ஒன்று. ஜூலியன் பெரிய ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ நடைவழியில் வரும்போது எதிரே ஆள் தெரியாது. வழிவிடச் சொல்லி 'பீப் பீப்' என்று குரல் கொடுப்பாராம். 1949இல் வந்த ரோட் ரன்னர் என்ற கார்ட்டூன் பறவைக்கு அந்தக் குரலையே வைத்தார்கள்.
– ந.

அப்படியானால் அவர் பின்னணிக் குரலும்தானே, அம்மா! ஜூலியனுக்காவது 'பின்னணி'யை விட்டுவையுங்கள். மற்றவர்களுக்கு எழினிதான், நான் மாறவில்லை.
– வே.