கருப்பனுக்கு எடை ஏறுகிறது

*சுங்கை சிப்புட், நம்ம வரிசை வீடுகள்*

செல்வி: எங்கள் பூனை கருப்பனுக்குக் காயடித்து 3 மாதம் ஆகிறது. அன்றைக்கு 4 கிலோ, இன்று 4.8. கூடுதலாக ஒன்றும் போடவில்லையே, ஏன் இப்படி?

கமலா அக்கா: கூடுதலாகப் போட வேண்டியதே இல்லை மா. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான சாப்பாடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பசியோ சில நாளிலேயே கூடிவிடும். எங்கள் சின்னிக்கும் இப்படித்தான். விலாவைத் தடவினால் எலும்பே தட்டுப்படவில்லை.

செல்வி: கிண்ணம் காலியானதும் நிரப்பி வைத்துவிடுவேன் அக்கா.

கமலா அக்கா: அதை முதலில் நிறுத்து. கேக் மாவு நிறுக்கும் தராசு இருக்கிறதே, அதில் நிறுத்துப் போடு. குவளையில் அள்ளினால் கை தாராளமாகிவிடும். 4 கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி. எங்கள் பூனை உணவுப் பையில் 100 கிராமுக்கு 370 கலோரி என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் 55 கிராம்தான். உன் பையின் பின்பக்கம் பார். அளவை மிருக வைத்தியரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்.

ராஜு மாமா: நான் காலையிலும் மாலையிலும் கருப்பனுக்கு ஒரு கைப்பிடி நெத்திலி போடுகிறேனே. தெரியாமல் செய்துவிட்டேன் செல்வி.

செல்வி: பரவாயில்லை மாமா, பாசத்தில்தானே போட்டீர்கள்.

ராஜு மாமா: ரெண்டு நாள் பட்டினி போட்டால் இறங்கிவிடாதா?

கமலா அக்கா: ஐயோ, வேண்டவே வேண்டாம் மாமா! குண்டுப் பூனை சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றாலே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எடை மெதுவாகத்தான் இறங்க வேண்டும். அப்படியே விட்டாலும் சர்க்கரை நோய், மூட்டு வலி எல்லாம் வரும். இடையில் தீனி ஏதாவது கொடுத்தால் அந்த 200-இல் 20 கலோரிக்குள் இருக்கட்டும். உப்பு நெத்திலி வேண்டாம்.

ராஜு மாமா: சரி மா. இனி நெத்திலி கிடையாது. கயிற்றில் செம்பனை ஓலை கட்டி இழுத்தால் பின்னாலேயே ஓடி வருவான், அதைச் செய்கிறேன்.

கமலா அக்கா: அது போதும் மாமா, தினமும் கொஞ்ச நேரம். செல்வி, 2 வாரத்துக்கு ஒரு தடவை அவனைத் தூக்கிக்கொண்டு ஆள் எடை பார்க்கும் தராசில் ஏறு, பிறகு நீ மட்டும் ஏறு, கழித்துப் பார்த்து எழுதி வை.

செல்வி: 55 கிராம் நிறுத்துவிட்டேன் அக்கா. கிண்ணத்தின் அடிகூட மறையவில்லை. என் முகத்தையே பார்க்கிறான், மனசு கேட்கவில்லை.

கமலா அக்கா: 3 வேளையாகப் பிரித்துக் கொடு. கிண்ணத்தை எடுத்துவிட்டுக் காப்பித் தட்டில் போடு மா.