ராப் பாட்டு நிலைக்குமா? எனக்கும் மகனுக்கும் நடக்கிற வழக்கு

கும்பகோணம் டீச்சர்:

வணக்கம். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டுப் போன மே மாதம் ஓய்வு பெற்றேன். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவனுடைய ஹெட்ஃபோன் பழுதான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இந்த வழக்கு ஓடுகிறது.

அன்றைக்கு அவன் அறையிலிருந்து மூன்று ராப் பாட்டு வரிசையாகக் கூடத்துக்கு வந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மூன்றிலும் எனக்குக் காதில் விழுந்த ஒரே சொல் பணம். "இது கம்பெனிக்காரன் காசு பண்ணுவதற்காகப் போடுகிற சரக்குடா, பத்து வருஷம் கழித்து யார் கேட்கப்போகிறார்கள்?" என்றேன். அவன் கோபப்படவில்லை. "அம்மா, இதுக்குப் புலிட்சர் பரிசே குடுத்திருக்காங்க" என்றான். அமெரிக்காவில் எழுத்துக்கும் இசைக்கும் கொடுக்கிற பெரிய பரிசு அது. தேடிப் பார்த்தேன், உண்மைதான். 2018இல் கென்ட்ரிக் லமார் என்ற ராப் பாடகரின் இசைத்தொகுப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அந்த இசைப் பரிசு மேலைச் செவ்வியலையும் ஜாஸையும் தாண்டிப் போனதே இல்லையாம்.

ஆனால் பரிசை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பரிசு வாங்கிவிட்டுப் படிக்க ஆளில்லாமல் போன நூல்களை நூலக அலமாரியில் நிறையப் பார்த்தவள் நான்.

மகனுடைய நண்பன் வேறு ஒன்று சொல்கிறான். முதலில் ஏழைப் பிள்ளைகள் காசு எதிர்பார்க்காமல் தெருவில் பாடினார்களாம், அப்புறம் கம்பெனிகள் வந்து கெடுத்துவிட்டனவாம். அப்படியானால் இப்போது கையில் மிச்சம் என்ன? சொல்லா, சந்தமா, பொருளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "உங்கள் வயசுக்குப் புரியாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மருந்துக்கடைக்காரன்:

டீச்சர், நான் 11 வருஷம் நியூயார்க்கில் இருந்தேன். பிராங்க்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ராப் பாட்டு பிறந்த கட்டடம் கடையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அதனால் உங்கள் மகனின் நண்பன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்கிற அந்தக் காசில்லாத காலம் ஒருநாளும் இருந்ததில்லை.

1520, செட்ஜ்விக் அவென்யூ. உயரமான செங்கல் குடியிருப்பு. பக்கத்திலேயே நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கும். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி அதன் கீழ்த்தளத்தில் இருந்த பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பள்ளி திறக்கும் நேரம், புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும், அதற்காகத்தான். கையால் எழுதிய அழைப்பு அட்டையில் கட்டணமும் போட்டிருந்தாள்: பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டு போட்டது அவளுடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். முதல் ராத்திரியே வாசலில் காசு வாங்கித்தான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே நடந்ததுதான் விஷயம். பாட்டின் நடுவே பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி, தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் வரும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வருகிறதே, அதன் சின்ன உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற பிள்ளைகள் அந்த இடத்துக்காகக் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி இரண்டு டர்ன்டேபிளில் வைத்தார். ஒன்றில் அந்தத் தாளம் முடியும்போது மற்றதில் அதே தாளம் தொடங்கும். முடிந்ததை அதற்குள் பின்னால் சுற்றி வைத்துவிடுவார். பத்து விநாடித் தாளம் பத்து நிமிஷம் ஓடியது. வாத்தியம் வாங்க வசதியில்லாத தெருவில், ரெக்கார்டு போடும் பெட்டியே வாத்தியம் ஆகிவிட்டது. அந்தத் தாளத்தின் மேல்தான் பேச்சும் எதுகையும் ஏறின.

கம்பெனி என்று முதலில் பெரிய அளவில் வந்தது 1979இல். சில்வியா ராபின்சன் நடத்திய ஷுகர் ஹில். அவர்கள் போட்ட முதல் ராப் ரெக்கார்டு 14 நிமிஷத்துக்கு மேல் ஓடும், உலகமெல்லாம் விற்றது. அதில் பாடிய மூவரில் ஒருவர் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். அவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வேறொருவரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. காஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. இதில் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதைக்கிற இடம் ஒன்று உண்டு. காஸ் தன் மேடைப்பெயரான காஸனோவாவை எழுத்துக்கூட்டிச் சொல்வதாக எழுதி வைத்திருந்த வரியைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார்கள். களவு போன பொருளில் சொந்தக்காரன் பெயர் பொறித்திருக்கிறது. இத்தனை வருஷமாக அது ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

சரி, கம்பெனி கெட்டது என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. அதே கம்பெனி, அதே சில்வியா அம்மா, 1982. டியூக் பூட்டி என்ற தாளக்காரரும் மெல்லி மெல் என்ற ராப்பரும் சேர்ந்து எழுதிய 'தி மெசேஜ்' பாட்டு. உடைந்த கண்ணாடி, மூத்திர நாற்றமடிக்கும் படிக்கட்டு, வேறு இடம் போகக் காசில்லாத குடும்பம் என்று தெருவை அப்படியே சொல்லும். மெல் இருந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவில் பலருக்கு அதைப் பாட விருப்பமே இல்லை. ஆட வருகிறவர்கள் வீட்டுக் கஷ்டத்தையா கேட்பார்கள் என்று தயங்கினார்கள். விடாப்பிடியாக நின்று வெளியே கொண்டுவந்தது முதலாளியம்மா. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று முதன்முதலாக 50 பதிவுகளைத் தேர்ந்தெடுத்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 உரை இருக்கிற அந்தப் பட்டியலில் இந்தப் பாட்டும் இருக்கிறது.

ஒரே கடை ஒருத்தரைக் கொள்ளையடித்தது, இன்னொரு பாட்டைக் காப்பாற்றியும் வைத்தது. அதனால் காசு கலந்ததா இல்லையா என்று பார்த்துத் தரம் பிரிக்க முடியாது டீச்சர். ஒவ்வொரு பாட்டாக உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

பழைய எஃப்எம்:

மருந்துக்கடை அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஆனால் காசின் அழுத்தம் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்த மாதிரி எழுதுகிறார். அப்படி இல்லை.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 வானொலி நிலையங்கள் வரைதான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு இருந்தது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. சில வருஷத்தில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியிடம் 1,200க்கும் மேலான நிலையங்கள் இருந்தன. அதற்கு முன்னால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆள் உள்ளூர்ப் பையன் கொண்டுவந்த கேசட்டைக் கேட்டு, பிடித்தால் போடுவான். பட்டியல் ஒரே இடத்தில் தயாரானால் அந்த ஆளுக்கு அங்கே வேலையே இல்லை.

இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு எஃப்எம்மில் ஆறு வருஷம் ராத்திரி நேர நிகழ்ச்சி செய்தேன். முதல் வருஷம் பாட்டை நான் தேர்ந்தெடுத்தேன். கடைசி வருஷம் கம்ப்யூட்டரில் வரிசை வந்துவிடும், நடுவில் பேச எனக்கு 20 விநாடி. ஒரு பையன் வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து தன் பாட்டை பென்டிரைவில் கொடுத்தான். ராத்திரி வீட்டில் கேட்டேன், நல்ல பாட்டு. போட எனக்கு அதிகாரம் இல்லை. அவன் மறுபடி இரண்டு முறை போன் செய்தான்.

இப்போது ஸ்ட்ரீமிங்கில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு ஏறும். அதனால் பாட்டு தொடங்கும்போதே ஆளைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறார்கள். அந்த 14 நிமிஷப் பாட்டை இன்றைக்கு எந்தக் கம்பெனி வெளியிடும்? ராப்பில் கலை உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியே வராமல் போனதையும் நாம் கணக்கில் வைக்க வேண்டும்.

கிள்ளான் அக்கா:

நான் மலேசியா. எங்கள் ஊரில் தமிழ் ராப் என்றால் யோகி பி. 2006இல் அவரும் நட்சத்திரா குழுவும் 'வல்லவன்' தொகுப்பைப் போட்டபோது கார், பஸ், கல்யாண மண்டபம் எங்கும் அதுதான். ஆனால் டீச்சர் கேட்டதற்கு நான் சொல்ல வருவது வேறு ஒரு கேசட்டின் கதை.

1990, எனக்கு 16 வயது. அண்ணன் கோலாலம்பூரில் இருந்து டி லா சோல் என்ற குழுவின் கேசட் ஒன்று வாங்கி வந்தார். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டைச் சேர்ந்த மூன்று பையன்கள், 1989இல் போட்ட முதல் தொகுப்பு. சங்கிலி, துப்பாக்கி, மிரட்டல் எதுவும் இல்லை. பழைய ரெக்கார்டுகளில் இருந்து துண்டு துண்டாக எடுத்துத் தைத்திருந்தார்கள். என் பாட்டி பழைய புடவைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை விரிப்பு தைப்பார், அந்த மாதிரி. ஓரிடத்தில் பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுக்கும் ரெக்கார்டின் குரல்கூட வரும்.

அந்த இடம்தான் அவர்களை மாட்டிவிட்டது. அந்தக் குரலுக்கு அடியில் ஓடிய பழைய பாட்டைப் பாடியவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒரு நிமிஷச் சமாச்சாரம், பணம் கொடுத்துத்தான் தீர்ந்தது. 1991இல் பிஸ் மார்க்கி என்ற வேறொரு ராப்பரின் வழக்கில், திருடக் கூடாது என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி. அதற்கப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொன்றுக்கும் விலை. அந்த ஒட்டுத்தையல் வேலையே பெரிய பணக்காரர்களால் மட்டும் முடிகிற காரியம் ஆகிவிட்டது.

ஸ்ட்ரீமிங் வந்தபோது பழைய ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இல்லை. மற்றவர்கள் பாட்டெல்லாம் போனில் கிடைக்கும், இவர்களுடையது கிடைக்காது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் காக்க வேண்டிய பட்டியலில் 2010இலேயே இடம் பெற்றுவிட்ட தொகுப்பு, கடையில் முறையாகத் தரவிறக்க வழியில்லை. 2014 காதலர் தினத்தில் அவர்களே வெறுத்துப்போய்த் தங்கள் பாட்டுகளை 25 மணி நேரத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நான் அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டேன்.

கடைசியில் 2023 மார்ச் 3ஆம் தேதி எல்லாம் முறைப்படி வந்தது. மூவரில் ஒருவரான டேவ் அதற்கு மூன்று வாரம் முன்புதான் இறந்திருந்தார். அன்று ராத்திரி என் மகள், 17 வயசு, அந்தத் தொகுப்பை முதல் முறையாகக் கேட்டாள். முதல் பாட்டு முடிவதற்குள் தலையாட்ட ஆரம்பித்தாள். என் கேசட்டின் நாடா இழுபட்டு எப்போதோ வீணாகிவிட்டது, ஆனால் எந்தப் பாட்டுக்கப்புறம் எந்தப் பாட்டு என்று எனக்கு அப்படியே நினைவிருந்தது. பத்து வருஷம் கழித்து யார் கேட்பார்கள் என்று கேட்டீர்களே டீச்சர், நாங்கள் 33 வருஷம் கழித்துக் கேட்டோம்.

மருந்துக்கடைக்காரன்:

பழைய எஃப்எம் தம்பி, வேலூர்ப் பையன் விஷயம் மனசைப் பிசைகிறது. நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வெளியே வராததைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

டீச்சர், ஒன்று சொல்லலாமா? யாப்பு தெரிந்த காது உங்களுடையது. மகனிடம் எரிக் பி - ராக்கிம் இருவரின் 1987 தொகுப்பைப் போடச் சொல்லுங்கள். அதன் பெயர்ப் பாட்டே பணத்தைப் பற்றியதுதான், 'பெய்ட் இன் ஃபுல்'. ராக்கிம் சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

கும்பகோணம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது, காரணம் அந்தப் பாட்டு.

மகன் வரிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தான். மேஜையில் வைத்துக்கொண்டு, அவன் நிறுத்தி நிறுத்திப் போட, நான் பென்சிலால் குறித்தேன். பாடுகிறவன் பைக்குள் கை விடுகிறான், காசெல்லாம் தீர்ந்திருக்கிறது. இன்னும் ஆழமாக விடுகிறான், துணிப் பிசிறுதான் வருகிறது. முன்பு வழிப்பறி செய்தவன், இப்போது நேர்வழியில் சம்பாதிக்கலாம் என்று கிளம்புகிறான். அவனுக்கு மீன் சாப்பிட ஆசை. ஃபிஷ் என்பது அடியின் தொடக்கத்தில் விழுகிறது, டிஷ் அதே அடியின் கடைசியில், விஷ் அடுத்த அடியின் கடைசியில். டிஷ்ஷும் விஷ்ஷும் நம் இயைபு. ஆனால் அந்த ஓசையைத் தொடக்கத்திலேயே ஒரு முறை காட்டிவிட்டுத்தான் முடிவுக்குக் கொண்டுபோகிறான். வெறும் ஓசைக்காகவும் இல்லை. மீன், பிடித்த பதார்த்தம், கடைசியில் ஆசை மட்டும். கையில் இருந்தது ஒவ்வொன்றாக நழுவுகிற மாதிரி அந்த மூன்று சொல்லும் வரிசையாக நிற்கின்றன. அதையும் கத்திச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் சொல்கிறான்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். குமணனிடம் போய்ப் பெருந்தலைச் சாத்தனார் பாடியதை எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன்! சமைத்து நாளாகி அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது, பாலில்லாத மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது என்று பாடியதெல்லாம் பரிசில் கேட்டுத்தானே. அது காசுக்குப் பாடிய பாட்டு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இந்தப் பிள்ளையின் துணிப் பிசிறைக் கேட்கும்போது மட்டும் ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. மகனிடம் அதைச் சொன்னேன். அவன் எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு என் காதில் விழுந்த மூன்று பாட்டையும் மறுபடி போடச் சொன்னேன். இரண்டு எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை, அவனுக்கே ஒன்று சலித்துவிட்டதாம். மூன்றாவதை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

கிள்ளான் அக்கா, உங்கள் பாட்டியின் ஒட்டுத்தையல் விரிப்பு என்றதும்தான் எனக்கு அந்த வேலை புரிந்தது. பழைய எஃப்எம் தம்பி, அந்த வேலூர்ப் பையனின் பாட்டு இன்னும் உங்களிடம் இருந்தால், அவன் சம்மதம் கேட்டு இங்கே போடுங்கள். நாங்கள் கேட்கிறோம்.

அடுத்து நாஸ் என்பவரின் 'இல்மாட்டிக்' போடுகிறேன் என்கிறான் மகன், 1994ஆம் வருஷத்தது. அதில் எந்தப் பாட்டைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

மருந்துக்கடைக்காரன்:

அதில் பத்தே பாட்டு டீச்சர், முழுசாகக் கேளுங்கள். மூன்றாவதை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் கார்னெட் என்ற, ட்ரம்பெட் மாதிரியான வாத்தியம் ஒன்று ஒலிக்கும். 20 வயசுப் பையனின் பாட்டுக்கு அதை ஊதுவது அவருடைய அப்பா, ஓலு டாரா.