ஒரு இடத்தில் பழுதானால் ஃபீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து வரும் மின்பாதை) முழுக்க ஏன் இருட்டாக வேண்டும்?

கடலோரவாசி, கடலூர்

போன வாரம் காற்றடித்த ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. இரண்டு தடவை அணைந்து அணைந்து வந்தது, மூன்றாவது தடவை போனது போனதுதான், விடிகாலை மூன்று மணிக்குத்தான் வந்தது. அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும், இன்வெர்ட்டர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது, அன்றைக்கு பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்கள் ரோட்டு வளைவில் ஒரு கம்பத்திலும், சவுக்குத்தோப்பு தாண்டி இன்னொரு கம்பத்திலும் சின்ன ஆன்டெனாவோடு பெட்டி மாட்டி ஆறு மாதம் ஆகிறது. பழுதான இடத்தை மட்டும் தானே கழற்றிவிடும் என்று சொன்னார்கள். அப்புறம் ஏன் ஊர் முழுக்க இருட்டு? கம்பியில் உருண்டையாக ஏதோ மாட்டியிருக்கிறார்கள், வளைவில் இருந்தது சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது, தோப்பு தாண்டி இருந்தது மின்னவில்லை. எங்கள் வீடு தோப்புக்கும் அந்தப் பக்கம்.

ரிலே டெஸ்டர், புதுச்சேரி

நீங்கள் பார்த்த சிவப்பு விளக்கிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த உருண்டை, பழுது மின்னோட்டம் தன்னைத் தாண்டிப் போனால் மின்னும். வளைவில் மின்னியது, தோப்பு தாண்டி மின்னவில்லை என்றால் பழுது இரண்டுக்கும் நடுவில். முன்பெல்லாம் இதைத் தெரிந்துகொள்ள கம்பத்தில் கையால் இயக்கும் ஏபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து (இணைப்பைப் பிரித்து), சப்ஸ்டேஷனில் பிரேக்கரைப் போட்டுப் பார்த்து, டிரிப் ஆனால் அடுத்த கம்பத்துக்கு நடந்து போவார்கள்.

இரண்டு தடவை அணைந்து வந்தது ஆட்டோ ரீகுளோசர் வேலை. மேல்நிலைக் கம்பியில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை தானே சரியாகிவிடும், ஓலை உரசிவிட்டு விழுந்துவிடும், அதனால் சில விநாடி விட்டு மறுபடி போட்டுப் பார்க்கும். நிற்கவில்லை என்றால் லாக் ஆகிவிடும். (புதைவடத்தில் இப்படிப் போடமாட்டார்கள், அங்கே பழுது வந்தால் நிரந்தரம்தான்.) இதற்குப் பிறகுதான் உங்கள் பெட்டிகளின் வேலை. வளைவு சுவிட்சும் தோப்பு சுவிட்சும் திறந்து, நடுத்துண்டைத் தனியாக்க வேண்டும். பிரேக்கரைப் போட்டால் வளைவு வரை கரண்ட் வந்துவிடும். உங்கள் பக்கத்துக்கு அது போதாது, நீங்கள் பழுதுக்கு அப்பால் இருக்கிறீர்கள். வேறொரு ஃபீடரின் நுனி உங்கள் ஊர்க் கம்பியோடு சேருமிடத்தில், எப்போதும் திறந்தே இருக்கும் டை சுவிட்ச் ஒன்று வேண்டும். அதைப் போட்டால்தான் பின்பக்கமாக உங்களுக்கு வரும். அந்த ஃபீடர் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும், அதில் 180 ஆம்பியர் ஓடுகிறது, உங்கள் பக்கம் 90, ரிலே (மின்னோட்டம் அளவை மீறினால் பிரேக்கரை விழ வைப்பது) 250-க்கு செட் செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டவுடன் அதுவும் விழுந்துவிடும்.

அன்றைக்குப் பெட்டியில் விளக்கு ஏதாவது எரிந்ததா?

கடலோரவாசி, கடலூர்

வளைவில் இருந்த பெட்டியில் ஒன்றும் எரியவில்லை சார், டார்ச் அடித்துத்தான் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, தோப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சவுக்குக்கிளை ஒடிந்து இரண்டு கம்பிக்கும் குறுக்கே கிடந்ததாம்.

ரிலே டெஸ்டர், புதுச்சேரி

அப்படியானால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்படுவேன். லைனில் கரண்ட் இருக்கும்வரை அது சார்ஜ் ஆகும், கரண்ட் போனதும் மோட்டாரையும் மோடத்தையும் ஓட்டுவது அந்த பேட்டரி மட்டும்தான். வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது. பழுது வருகிற நிமிடத்தில்தான் தெரியும். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது இரண்டையும் கேளுங்கள்: பேட்டரியை லோடு போட்டு டெஸ்ட் செய்த தேதி, உங்கள் பக்கத்துக்கு டை சுவிட்ச் இருக்கிறதா இல்லையா. அம்மாவின் மெஷினைப் பற்றியும் அதிலேயே எழுதுங்கள்.

பழைய லைன்மேன், கடலூர்

தம்பி, 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கம்பம் கம்பமாக நட்டவன் நான். இந்தப் பெட்டி வந்ததில் எனக்கு சந்தோஷம்தான், இருட்டில் மழையில் நாலு கிலோமீட்டர் நடந்து பழுது தேடிய கால் இது. ஆனால் ஒன்றை இங்கே படிக்கிற சின்னப் பையன்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி இயக்கும் வேக்குவம் சுவிட்ச் (மூடிய குழாய்க்குள் திறப்பது) திறந்திருக்கிறது என்று திரையில் காட்டினாலும் கண்ணுக்கு இடைவெளி தெரியாது. லைன் கிளியர் (லைனை அணைத்து வேலை செய்ய அனுமதி) வாங்கி, பெட்டியை ரிமோட்டிலிருந்து லோக்கலுக்குத் திருப்பிப் பூட்டி, ஏபி சுவிட்சையும் திறந்து பிளேடு விலகியதைக் கண்ணால் பார்த்து, டெஸ்டர் வைத்து, வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். டை சுவிட்ச் வந்தால் இன்னும் கவனம், முன்பு ஒரு பக்கம்தான் கரண்ட் வரும், இனி இரண்டு பக்கமும் வரும். வீட்டு ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் (லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றுசேர விடாத சுவிட்ச்) இல்லாமல் மாட்டியிருந்தால் அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறி வந்து 11 கேவி (11,000 வோல்ட்) ஆகிவிடும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒன்று. காய்ந்த மணலில் அறுந்து விழுந்த கம்பியில் மின்னோட்டம் மிகக் குறைவாகத்தான் போகும், ரிலே உணராமல் விட்டுவிடலாம், பெட்டியும் திறக்காது. கம்பி சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், உயிரோடு இருக்கும். பக்கத்தில் போகாமல், யாரையும் விடாமல், மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

கடலோரவாசி, கடலூர்

நன்றி ஐயா, நன்றி சார். பக்கத்துத் தெரு ஜெனரேட்டருக்குச் சேஞ்ச் ஓவர் இல்லை, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார், மனுவைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன்.