ஊபா வழக்கில் பிணை: கைதானவர் தம் தரப்பை எங்கே சொல்வது?

கேள்வி:
சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் (ஊபா) 43-டி(5) பிரிவைச் சில நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். வழக்கு நாட்குறிப்பையோ குற்றப்பத்திரிகையையோ பார்த்து, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை என்று நம்ப இடமிருப்பதாக நீதிமன்றம் கருதினால் பிணை கிடையாது என்கிறது அது. இரண்டையும் எழுதுவது புலனாய்வுத் தரப்புதானே? பயங்கரவாதத்தை ஒடுக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், கைதானவர் தம் பக்க நியாயத்தை எந்தக் கட்டத்தில் சொல்வது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
பெரும்பாலும் விசாரணையின்போதுதான். பிணைக் கட்டத்தில் சான்றுகளை ஆழமாக எடைபோடக் கூடாது என்று 2019இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விசாரணையோ எளிதில் தொடங்குவதில்லை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் வரை அவகாசம் நீட்டிக்கப்படலாம். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு, ஊபாவில் கைதான பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் நினைவே வருகிறது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாத அந்த முதியவர், ஓர் உறிஞ்சுகுழலுக்காக 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் மனுச் செய்ய நேர்ந்தது. அந்த மனுவும் 20 நாள் தள்ளிப்போனது. விசாரணை தொடங்காமலே, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில் காவலிலேயே அவர் உயிர் பிரிந்தது.

பதில் 2:
அந்த மரணம் எனக்கும் ஆறாத வேதனைதான். எனினும், 2008 மும்பைத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்த சில வாரங்களில் சேர்க்கப்பட்ட பிரிவு இது என்பதையும் மறக்கலாகாது. வெளியே வந்தால் சாட்சிகளை மிரட்டுவார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. மேலும், விசாரணை நியாயமான காலத்தில் முடியாது என்று தெரிந்தால், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவை முன்னிட்டு உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பிணை வழங்கலாம் என, ஊபாவில் கைதான நஜீப் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் அளித்த தீர்ப்பு தெளிவாக்கியுள்ளது.

பதில் 3:
ஐயா, அந்த நஜீப் ஐந்தாண்டுக்கும் மேல் சிறையில் கழித்த பிறகே அத்தீர்ப்பு வந்தது. முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவை இரண்டாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டியிருந்தது. நீட்டிக்காததால் 1995இல் அது காலாவதியானது. அதற்குப் பின் வந்த அதுபோன்ற சட்டமான பொடாவின் ஆயுள் மூன்றாண்டு; அது முடியும் முன்பே, 2004இல், நீக்கப்பட்டது. அதன் பல பிரிவுகள் அதே ஆண்டு ஊபாவுக்குள் வந்து சேர்ந்தன. ஊபாவுக்குக் காலக்கெடுவே இல்லை.

பொடாவில் கைதானவர் ஓராண்டு கழித்துச் சாதாரணச் சட்டப்படி பிணை கேட்கலாம் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருந்தது. கொடுமையானது என்று நாம் எதிர்த்த பொடாவில் இருந்த அந்த வழிகூட ஊபாவில் இல்லை. மும்பையில் மாண்டவர்களுக்கு நீதி கிடைப்பதற்கு, ஓராண்டுக்குப் பின்னும் அந்த வழி அடைபட்டே இருக்க வேண்டுமா? அந்த ஒரு திருத்தத்தையாவது நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.