ட்ரீச்சர் காலின்ஸ் முகம் (மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே தாடை, காது, இமை சரியாக வளராத நிலை): நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தண்டையார்பேட்டைவாசி:
போன மாதம் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே ஒரு அம்மா, நாலைந்து வயதுப் பெண். தாடை உள்ளடங்கி, கண்கள் வெளிப்பக்கம் சரிந்து, காது மொட்டு மாதிரி. தலையைச் சுற்றிப் பட்டை, அதில் சின்னதாக ஒரு பெட்டி. பாட்டுக் கேட்கும் கருவி என்று நினைத்தேன். அந்தக் குழந்தை என் மகளிடம் ஒரு தேன் மிட்டாயை நீட்டியது. நான் சட்டென்று மகளின் கண்ணைக் கையால் பொத்திவிட்டேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். மின்ட் வரும்வரை அப்படியே.

காசிமேட்டு அத்தை:
என் தங்கை பையனுக்கு இதேதான். பிறந்த அன்று மூச்சு விடும்போது, இளநீர் தீர்ந்தபிறகும் ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம். தாடை சின்னது, நாக்கு பின்னால் விழுந்து அடைத்துக்கொண்டது. நைட் டியூட்டி சிஸ்டர் ஓடிவந்து குப்புறப் போட்டார். சத்தம் நின்றது. நின்றதும் இன்னும் பயம். முதுகு ஏறி இறங்குகிறதா என்று விடியும்வரை கை வைத்துக்கொண்டே இருந்தேன். பார்க்க வந்தவர்களெல்லாம் கிரகணத்தில் வெளியே வந்தாளா என்றுதான் கேட்டார்கள். முகம் உருவாவது முதல் இரண்டு மாதத்தில், மரபணு மாறுவது அதற்கும் முன்னால். இதில் கிரகணம் எங்கே வந்தது?

ராயபுரம் ராஜா:
அத்தை, பெரியவர்கள் சொன்னதைத் தூக்கி எறியாதீங்க. கிரகணத்தன்று வீட்டில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

காசிமேட்டு அத்தை:
என் தங்கைக்கு நஷ்டம். அன்றைக்கு மாடியில் துணி எடுக்கப் போனேனே என்று ஒரு வருடம் அழுதாள்.

கொருக்குப்பேட்டை மருந்துக்கடை:
இப்படி ஒரு பையனுக்குக் கண் சொட்டு வாங்க அவன் அப்பா என் கடைக்கு வருவார். கீழ் இமை குறைவு, தூங்கும்போது கண் முழுசாக மூடாது. என் கதை அவ்வளவுதான். ஆனால் சிலதைச் சொல்லியே ஆகணும். 50,000 பிறப்பில் ஒன்று என்பார்கள். பெரும்பாலும் உள்காது நன்றாகவே இருக்கும், சத்தம் போகும் வழிதான் அடைப்பு. அந்தப் பட்டை எலும்பு வழியாக ஒலியை உள்ளே அனுப்புகிறது. பேச்சு வரட்டும் என்று காத்திருக்காமல் கைக்குழந்தையிலேயே காது டெஸ்ட் எடுத்துப் பட்டை போட்டுவிடணும். பட்டைக்குப் பதில் கருவியை மாட்ட மண்டையோட்டில் திருகு வைக்கும் ஆபரேஷன் பொதுவாக ஐந்து வயதுக்கு மேல்தான். அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை அவசியம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது புதிதாக வந்த மாற்றம், அம்மா அப்பாவுக்கு இருக்காது. ஆனால் லேசாக இருந்து தெரியாமலே இருப்பவர்களும் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்புறம்,

தண்டையார்பேட்டைவாசி:
சார், நான் ஆலோசனை கேட்கவே இல்லை.

வண்ணாரப்பேட்டை 84:
எனக்கு அந்த முகம்தான். பி.காம். முடித்து ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் ஒரு வங்கியில் படிவம் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம் “இவருக்கு என்ன வேணும்?” என்றார். அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. மூளைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எத்தனை பேரிடம் சொல்வது. தண்டையார்பேட்டை, கண்ணைப் பொத்துவது எனக்குப் பழகிவிட்டது. அந்த மிட்டாய் என்ன ஆச்சு? சொல்லவே இல்லையே.

தண்டையார்பேட்டைவாசி:
கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள். அப்புறம் அவளே வாயில் போட்டுக்கொண்டாள்.